கூகுள் வழியாக ஆள் தேடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இனில் ஆள் தேடுவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன, அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். தேடல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம், தேடல் பெட்டியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் குறி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

கேள்வி: திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கவனிக்க அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். லிங்க்ட்இனில் தேடினால் மாதம் பாதி போவதற்குள் தேடல் வரம்பு முடிந்துவிட்டது என்கிறது. வருகிற ஆட்களிலும் பலருக்குப் பெயரே தெரிவதில்லை, ‘லிங்க்ட்இன் மெம்பர்’ என்று மட்டும் காட்டுகிறது. பணம் கட்டாமல் வேறு வழி இருக்கிறதா?
– மனிதவள அலுவலர், திருப்பூர்

பதில்: இருக்கிறது. இலவசக் கணக்கில் உங்கள் நண்பர், நண்பரின் நண்பர், அவருக்கும் நண்பர் என்று மூன்று சுற்றுக்குள் இருப்பவர்களைத்தான் லிங்க்ட்இன் ஒழுங்காகக் காட்டும், அதற்கு வெளியே இருப்பவர்களின் பெயரை மறைத்துவிடும். தேடல் வரம்பும் மாதம் 1-ஆம் தேதிதான் திரும்பத் திறக்கும். ஆனால் அந்த ஆள் தன் பக்கத்தைப் பொதுவில் திறந்து வைத்திருந்தால் கூகுள் அதை ஏற்கெனவே படித்து வைத்திருக்கும். அதனால் லிங்க்ட்இனுக்குள் போய்த் தேடாமல், கூகுளில் நின்றுகொண்டே லிங்க்ட்இன் பக்கங்களை மட்டும் தேடச் சொல்ல வேண்டும். ஆள் தேர்வுத் தொழிலில் இருப்பவர்கள் இதை எக்ஸ்ரே சர்ச் என்பார்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்:

சைட்:லிங்க்ட்இன்.காம்/இன் "ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்" திருப்பூர்

‘சைட்’ என்றால் இந்தத் தளத்துக்குள் மட்டும் தேடு என்று பொருள். அதற்குப் பின்னால் வரும் முக்காற்புள்ளியை ஒட்டியே தளத்தின் முகவரி வர வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் வேலை செய்யாது. கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகு இருக்கும் ‘இன்’ முக்கியமானது. தனி ஆட்களின் பக்கங்களுக்குத்தான் அந்த முகவரி உண்டு, வேலை விளம்பரம், கம்பெனிப் பக்கம், பதிவுகள் எதுவும் அதில் வராது. மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த மூன்று சொல்லும் அதே வரிசையில் சேர்ந்து இருக்கும் பக்கம்தான் வரும்.

இதுவரைக்கும் எந்த யூடியூப் வீடியோவிலும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆள் கிடைப்பதும் கிடைக்காததும் மேற்கோளுக்குள் நீங்கள் எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. உங்கள் பட்டறையில் அந்த வேலைக்கு என்ன பெயர்? ‘ப்ளான்ட் இன்சார்ஜ்’ என்பீர்கள், இல்லையென்றால் ‘சுத்திகரிப்பு சூப்பர்வைசர்’. அதை ஆங்கிலத்தில் அப்படியே அடித்துத் தேடினால் ஒருவரும் வரமாட்டார்கள், ஏனென்றால் அந்த வேலையைச் செய்கிறவர் தன்னைப் பற்றி எழுதும்போது அப்படி எழுதுவதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட நொய்யலுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் திரும்ப ஓட முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ராத்திரி பகலாக நின்று வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு ‘இசட்எல்டி’ (ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை) என்ற மூன்றெழுத்துதான் அடையாளம், தங்கள் பக்கத்தில் அதைத்தான் முதலில் போடுவார்கள். இன்னொருவர் தான் ஓட்டிய இயந்திரத்தின் பெயரை எழுதியிருப்பார்: ஆர்ஓ, எம்இஇ, எவாப்பரேட்டர். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தவர் ‘சிஇடிபி’ என்று எழுதியிருப்பார், பெரிய மில்லில் இருந்தவர் ‘யுட்டிலிட்டி மேனேஜர்’ அல்லது ‘என்விரான்மென்ட் இன்ஜினியர்’ என்று எழுதியிருப்பார். நாலு பேருமே உங்களுக்கு வேண்டிய ஆள்தான்.

அப்புறம் ஊர்ப் பெயர். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்ப்பவர் ஊர் என்ற இடத்தில் ஈரோடு என்று போட்டிருப்பார், ஒரகடத்தில் இருப்பவர் காஞ்சிபுரம் என்று போட்டிருப்பார். இதையெல்லாம் சேர்த்தால் வரி இப்படி நீளும்:

சைட்:இன்.லிங்க்ட்இன்.காம்/இன் இசட்எல்டி OR "ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்" OR சிஇடிபி டையிங் OR டெக்ஸ்டைல் திருப்பூர் OR ஈரோடு OR பெருந்துறை

நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘அல்லது’ என்று பொருள், அதைப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும், சின்ன எழுத்தில் அடித்தால் கூகுள் அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். முகவரிக்கு முன்னால் ஒரு ‘இன்’ சேர்ந்திருப்பதையும் கவனியுங்கள். அது இந்தியாவைக் குறிக்கும் இரண்டெழுத்து, தன் நாடு இந்தியா என்று போட்டவர்களின் பக்கங்கள் அந்த முகவரியில் இருக்கும். வங்கதேசத்திலும் எத்தியோப்பியாவிலும் சாயப்பட்டறை நடத்தப் போன நம் ஊர்க்காரர்களில் திரும்பி வர நினைப்பவர் யாராவது இருக்கலாம் என்று தோன்றினால் அந்த முன் எழுத்தை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடுங்கள்.

முடிவுகள் இத்தனை என்று கூகுள் எண்ணிக்கை எதையாவது காட்டினால் அதை நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கில் இருப்பதாகச் சொல்லும், பக்கம் புரட்டிக்கொண்டே போனால் சில நூறுக்குள் நின்றுவிடும். நீளமாக ஒரே வரி போடுவதைவிட சின்னச் சின்னதாகப் பத்து வரி போடுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான், ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு ஆட்கள் மேலே வருவார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பக்கத்தைத் திறப்பீர்கள், சாயமும் இருக்காது, தண்ணீரும் இருக்காது, ஒரு பள்ளி ஆசிரியையின் பக்கமாக இருக்கும். லிங்க்ட்இன் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘இவர்களையும் பார்த்தார்கள்’ என்று வேறு ஆட்களைக் காட்டியிருக்கும், நீங்கள் தேடிய சொல் அந்த ஓரத்தில் இருந்திருக்கும். அப்படி வந்தால் அந்த ஓரத்து ஆளைச் சொடுக்கிப் பாருங்கள், பல நேரம் அவர்தான் நீங்கள் தேடியவர்.

பதவிப் பெயரில் உறுதியாக இருந்தால் ‘இன்டைட்டில்:’ என்று போட்டு அதை ஒட்டி அந்தச் சொல்லை எழுதலாம். கூகுள் முடிவில் நீல எழுத்தில் வருகிற தலைப்பு வரியில் ஆளின் பெயரும், பெரும்பாலும் அவர் தன்னைப் பற்றிப் போட்டிருக்கும் தலைப்பும் கம்பெனியும் இருக்கும். அந்த வரிக்குள் மட்டும் தேடுவதால் பத்து வருடத்துக்கு முன்னால் இந்த வேலையில் இருந்து இப்போது வேறு எங்கோ போய்விட்டவர்கள் கழிந்துவிடுவார்கள்.

கேள்வி: கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வேலையில் யாரும் இல்லை. எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு டேட்டா அனலிஸ்ட்டாக இருக்கும் சீனியர்களிடம் பேச ஆசை. எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் என்ன எழுதுவது?
– ஒரு பட்டதாரி, கும்பகோணம்

பதில்: நல்ல யோசனை தம்பி. 1904-இல் ராமானுஜன் படித்த கல்லூரி அது, உங்களுக்கு முன்னால் கணிதம் படித்துவிட்டுப் போனவர்கள் ஊரெல்லாம் இருப்பார்கள். கூகுளுக்குப் போவதற்கு முன்னால் லிங்க்ட்இனில் உங்கள் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து அதில் ‘அலும்னி’ என்ற பகுதியைப் பாருங்கள். எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் என்று அங்கேயே பிரித்துக் காட்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் அதில் எல்லாரும் வரமாட்டார்கள். சுயவிவரத்தில் கல்லூரிப் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்காமல் தானே தட்டச்சு செய்தவர்கள் விட்டுப்போவார்கள், அவர்களைத்தான் கூகுளில் பிடிக்க வேண்டும். உங்கள் கல்லூரியின் பெயரை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்’, அதையே சுருக்கி ‘கவ்ட்’ என்று ஜி, ஓ, வி, டி நாலெழுத்தில், பழைய ஆட்கள் ‘கவர்மென்ட் காலேஜ்’ என்று மட்டும், சிலர் கல்லூரியை விட்டுவிட்டு ‘பாரதிதாசன் யுனிவர்சிட்டி’ என்று மட்டும். பக்கத்திலேயே அரசு மகளிர் கல்லூரியும் இருக்கிறது, அங்கே படித்த அக்காக்களும் இதே தேடலில் வருவார்கள், அவர்களிடமும் பேசலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் வேலையின் பெயர். டேட்டா அனலிஸ்ட் என்பது நீங்கள் படிப்பு விளம்பரங்களில் பார்த்த பெயர். நம் ஊர் அலுவலகங்களில் அந்த வேலையையே ‘எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று எத்தனையோ பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். காலையில் வந்ததும் எக்செல்லைத் திறந்து நேற்றைய விற்பனையைப் பிரித்து மேலாளருக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை. அங்கிருந்து எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழி), பவர் பிஐ (தரவை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்) கற்றுக்கொண்டு மேலே போனவர்கள்தான் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியவர்கள், ஏனென்றால் நீங்கள் நடக்க வேண்டிய வழி அவர்கள் நடந்த வழி.

சைட்:லிங்க்ட்இன்.காம்/இன் "ஆர்ட்ஸ் காலேஜ்" கும்பகோணம் "டேட்டா அனலிஸ்ட்" OR "எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ்" OR "ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட்"

எழுதும்போது வேலை கேட்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வேலை கேட்டால் பதில் சொல்லத் தெரியாமலேயே பலர் விட்டுவிடுவார்கள். அவரால் இரண்டு நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: ‘வணக்கம் அண்ணா. நான் நம் கும்பகோணம் கல்லூரியில் கணிதம் முடித்திருக்கிறேன். நீங்கள் எம்ஐஎஸ் வேலையிலிருந்து அனலிஸ்ட் ஆனதை உங்கள் பக்கத்தில் பார்த்தேன். முதலில் எஸ்கியூஎல் படித்தீர்களா, பவர் பிஐ படித்தீர்களா? எதில் தொடங்கினால் எனக்கு நல்லது?’ இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்குத்தான் இப்படிக் குறிப்பு சேர்க்க விடுவார்கள், அதனால் யாருக்கு எழுதுவது என்று பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பத்துப் பேருக்கு எழுதி இரண்டு பேர் பதில் போட்டால்கூடச் சந்தோஷப்படுங்கள், மற்றவர்கள் பார்க்காமலேயே இருந்திருக்கலாம், மனசை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அடைப்புக்குறி, கூட்டல் குறி எல்லாம் போட வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– வாசகி, சேலம்

பதில்: கூகுளில் தேவையில்லை. கூட்டல் குறியை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். அடைப்புக்குறியைக் கூகுள் கண்டுகொள்வதில்லை, சொற்களுக்கு நடுவில் ‘மற்றும்’ என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம். கழித்தல் குறி மட்டும் நன்றாக வேலை செய்யும், வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒட்டிப் போட வேண்டும். ஒரு தேடலில் 32 சொற்களுக்கு மேல் போனால் மிச்சத்தை விட்டுவிடும். அடைப்புக்குறி வேலை செய்வது லிங்க்ட்இனின் சொந்தத் தேடல் பெட்டியில், அங்கே மற்றும், அல்லது, இல்லை மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களையும் பெரிய எழுத்தில் போடலாம். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரண்டையும் கலந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இந்த மூன்று சொல்லை வைத்துச் சிந்தனையையே கணக்காக எழுதலாம் என்று காட்டியவர் ஜார்ஜ் பூல். அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்துகொண்டு 1854-இல் அதை ஒரு புத்தகமாக வெளியிட்டார், அதனால்தான் இந்தத் தேடலுக்கு பூலியன் என்று பெயர். மேலே கடிதம் எழுதிய தம்பியின் கும்பகோணம் கல்லூரி தொடங்கியதும் அதே 1854-இல்தான்!

கேள்வி: நாங்கள் லண்டனில் ஹாரோவில் இருக்கிறோம். அப்பா போன பிறகு அம்மா சரியாகப் பேசுவதில்லை, இரவில் தூக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஆங்கிலத்தில் மனசு திறந்து பேச வராது. தமிழ் பேசும் உளவியல் நிபுணரை லிங்க்ட்இன் வழியாகக் கண்டுபிடிக்கலாமா?
– மகள், லண்டன்

பதில்: கண்டுபிடிக்கலாம், ஆனால் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடக் கூடாது. முதலில் தேடலைச் சொல்லிவிடுகிறேன்.

சைட்:யூகே.லிங்க்ட்இன்.காம்/இன் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" OR "கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்" தமிழ் லண்டன்

இதைப் போட்டதும் ‘தமிழ்நாடு’ என்ற சொல் இருப்பதால் மட்டும் நிறையப் பேர் வருவார்கள், உடனே தமிழ்நாட்டைக் கழித்தல் குறி போட்டு நீக்கத் தோன்றும். நீக்காதீர்கள். சென்னையிலோ வேலூரிலோ படித்துவிட்டு லண்டனில் இருப்பவர் அப்படியே விழுந்துவிடுவார், அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு யாழ்ப்பாணப் பேச்சு காதில் விழுந்தால் இன்னும் இலகுவாக இருக்கும் இல்லையா, அதனால் ‘ஜாஃப்னா’, ‘ஸ்ரீலங்கா’ என்ற சொற்களைத் தனியாகப் போட்டும் ஒரு முறை தேடுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பக்கத்தில் இது எதுவும் இருக்காது. ‘தமிழ் ஸ்பீக்கிங்’ என்று மேற்கோளுக்குள் போட்டு, ‘சைட்’ பகுதியை எடுத்துவிட்டுத் தேடிப் பாருங்கள், அவர்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் அல்லது தன்னார்வ அமைப்பின் பக்கம் வரக்கூடும்.

பெயர் கிடைத்ததும், பிரிட்டனில் உளவியல் நிபுணர்களைப் பதிவு செய்யும் ஹெச்சிபிசி என்ற அமைப்பின் இணையப் பதிவேட்டில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் அந்தப் பதிவேட்டில் இல்லாத ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவே சட்டம் விடாது. ஆனால் மனநல ஆலோசகரைக் குறிக்கும் ‘கவுன்சிலர்’ என்ற பெயருக்கு அந்தச் சட்டக் காப்பு இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். லிங்க்ட்இனில் ஒருவர் என்ன எழுதியிருக்கிறாரோ அது அவரே எழுதியது, யாரும் சரிபார்த்து வெளியிட்டதில்லை. அம்மாவை ஒப்படைக்கிற விஷயத்தில் இதை மறக்கவே மறக்காதீர்கள்.

இன்னொன்று, ஆள் தேடி முடியும்வரை காத்திருக்காதீர்கள். தூக்கமும் போய்விட்டது என்கிறீர்கள், இந்த வாரமே அம்மாவை உங்கள் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையின் பேச்சு சிகிச்சைக்கு மருத்துவர் கடிதம் இல்லாமல் நீங்களே பதிவு செய்யவும் முடியும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள்.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். நீங்கள் சொல்லிக்கொடுக்கும் இந்தத் தேடல் வழியாகத்தான் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கண்டுபிடித்து வேலை என்ற பெயரில் தொல்லை கொடுக்கிறார்கள். இதிலிருந்து எப்படி வெளியே வருவது?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, இந்தக் கேள்வி வந்ததற்கு நன்றி சொல்கிறேன். லிங்க்ட்இன் கணக்கில் செட்டிங்ஸ் போய் ‘விசிபிலிட்டி’ என்பதைத் திறந்தால் ‘எடிட் யுவர் பப்ளிக் ப்ரொஃபைல்’ என்று இருக்கும். அங்கே பொதுத் தோற்றம் முழுவதையும் ஒரே பொத்தானில் அணைத்துவிடலாம். அணைத்த பிறகு கணக்கு வைத்திருப்பவர்கள் லிங்க்ட்இனுக்குள் உங்களைப் பார்ப்பார்கள், கூகுள் வழியாக வருபவருக்கு எதுவும் கிடைக்காது. வேலை தேடிக்கொண்டிருப்பதால் முழுக்க அணைக்க மனமில்லை என்றால் புகைப்படத்தை மட்டும், அல்லது பழைய வேலை விவரங்களை மட்டும் தனித்தனியாக மறைக்கலாம். புகைப்படத்தை நீங்கள் இணைப்பில் சேர்த்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வைப்பதற்கும் வழி உண்டு. அழைப்பு யார் அனுப்பலாம் என்ற இடத்தில், உங்கள் மின்னஞ்சல் தெரிந்தவர் மட்டும் என்று மாற்றிவிட்டாலே பாதித் தொல்லை குறையும்.

அணைத்த அன்றே கூகுளிலிருந்து மறையாது, சில வாரம் பழைய பக்கம் நிற்கலாம். காத்திருக்க முடியாவிட்டால், பழைய உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும் பக்கம் ஒன்றைக் கூகுளே வைத்திருக்கிறது, அதில் உங்கள் பக்க முகவரியைக் கொடுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்றும் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தன் விவரங்களுக்குப் பொருந்தாது என்று சொல்கிறது. அதனால் பொதுவில் எதை வைப்பது என்று நீங்கள் முடிவு செய்வதில்தான் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. தொல்லை எல்லை மீறினால் அது வேறு குற்றம், செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு லிங்க்ட்இனிலும் புகார் செய்யுங்கள், சைபர் குற்றப் பிரிவின் 1930 எண் பண மோசடிக்கானது என்பதால் இதற்கு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்.

ஆள் தேடுகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்பதால் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் கோவையில் ஒரு ஆள் தேர்வு நிறுவனத்தில் இருந்தபோது, இதே மாதிரித் தேடி ஒரு பெண் பொறியாளரைக் கண்டுபிடித்தேன். கைப்பேசி எண் கிடைக்கவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியின் பொது எண்ணுக்கு அழைத்து அவர் பெயரைச் சொல்லி, ‘ஒரு வேலை விஷயமாகப் பேச வேண்டும்’ என்றேன். எடுத்தவர் அவருடைய மேலாளர். அடுத்த நாள் அந்தப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, ‘நான் வேலை மாறுவதாக உங்களிடம் எப்போது சொன்னேன்? பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த என்னை இன்று கூப்பிட்டு விசாரித்தார்கள்’ என்று. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அதற்குப் பிறகு யாரையும் அவர்களுடைய அலுவலகத்துக்கு அழைத்ததில்லை. அவருடைய சொந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு செய்தி, அதில் என் பெயர், கம்பெனி, எந்த வேலை, எந்த ஊர், சம்பளம் எவ்வளவு வரை. பதில் இல்லை என்றால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: லிங்க்ட்இன் பக்கங்களிலிருந்து பெயர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தானாகவே அள்ளி எக்செல்லில் போடும் மென்பொருள் விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஆள் தேர்வு நிறுவனம் நடத்துபவர், மதுரை

பதில்: வேண்டாம். லிங்க்ட்இனின் பயனர் ஒப்பந்தத்தில் அது தடை செய்யப்பட்டது, கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள், உங்கள் தொழிலே அந்தக் கணக்கில்தான் இருக்கும். அமெரிக்காவில் ஹைகியூ என்ற நிறுவனம் இப்படிப் பொதுப் பக்கங்களை அள்ளியதற்காக 2017-இலிருந்து வழக்கு நடந்தது. பொதுவில் இருப்பதை எடுப்பது கணினி ஊடுருவல் ஆகாது என்ற பக்கமே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-லும் 2022-லும் சாய்ந்தது, அதைப் பார்த்துத்தான் விற்பனையாளர்கள் ‘கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்கிறார்கள். அந்த வழக்கின் மிச்சக் கதையைச் சொல்வதில்லை. 2022 நவம்பரில் ஒப்பந்தத்தை மீறியதாக அதே நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, டிசம்பரில் சமரசமாக முடிந்தது. கூகுளில் நீங்களே உட்கார்ந்து தேடி, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் படிப்பது வேறு விஷயம்.

கேள்வி: இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, அதனிடம் ஆள் கேட்டால் போதாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆளைக் கேட்காதீர்கள், சொல்லைக் கேளுங்கள். இல்லாத ஒருவரை இருப்பது போலவே பெயரோடும் கம்பெனியோடும் சொல்லிவிடும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘நிட்டிங் ஃபேக்டரியில் தர ஆய்வு செய்பவர் தன்னை எப்படியெல்லாம் எழுதிக்கொள்வார்’ என்று கேட்டால் பதினைந்து பெயர் சொல்லும், அதில் ஐந்தாறு உங்களுக்குத் தோன்றாததாக இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு கூகுளுக்கு வாருங்கள். மிச்சப் பெயர்களை அந்த வேலையைச் செய்கிற ஒருவரிடம் டீக்கடையில் நின்று கேட்டாலே கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலைக்கு பாய்லர் ஓட்ட ஆள் வேண்டும். நீங்கள் எழுதுகிற மாதிரி தேடிப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. என்ன தவறு செய்கிறேன்?
– ஆலை உரிமையாளர், காங்கேயம்

பதில்: தவறு எதுவும் இல்லை, ஆள்தான் அங்கே இல்லை. பாய்லர் அட்டென்டன்ட், ஃபிட்டர், வெல்டர் போன்ற வேலையில் இருப்பவர்கள் லிங்க்ட்இனில் கணக்கு வைத்திருப்பது மிகவும் குறைவு, எத்தனை வரி மாற்றிப் போட்டாலும் இல்லாதவர் வரமாட்டார். பாய்லருக்குத் தகுதிச் சான்றிதழ் உள்ளவரைத்தான் வைக்க வேண்டும், அந்தத் தேர்வை நடத்துவது கொதிகலன்கள் இயக்ககம். உங்கள் பாய்லரை வருடா வருடம் பார்க்க வருகிற சர்வீஸ் பொறியாளருக்கு எந்த ஆலையில் யார் சான்றிதழ் வாங்கியிருக்கிறார், யார் ஊர் மாற நினைக்கிறார் என்பதெல்லாம் தெரியும், அவரிடம் முதலில் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் இலவசமாக விளம்பரம் போடலாம், அதில் ‘பாய்லர் அட்டென்டன்ட், இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்’ என்று வகுப்பைக் குறிப்பிட்டே போடுங்கள். தங்கும் இடமும் ஷிஃப்ட் நேரமும் விளம்பரத்திலேயே இருக்கட்டும், ஃபோன் எண் ஆலையில் ராத்திரி ஷிஃப்டிலும் எடுக்கிற எண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் அவர்கள் வேலை முடிந்து வெளியே வந்து அழைப்பதே அந்த நேரத்தில்தான்.